பிரிக்காத பொட்டலங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே நோய் நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு அதுதான். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் கை போனது, அப்படியே எழுதி எழுதிப் பழகிவிட்டது, ஆனால் இந்தத் தடவை அப்படி எழுதினால் அது பச்சைப் பொய். அதனால் நான் இருக்கிறேன், அம்மாவும் இருக்கிறாள் என்று மட்டும் எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குப் பேனாவைத் தூக்கினார் என்று நீ யோசிப்பாய். நம் வீட்டின் லட்சணம் உனக்குத் தெரியாததா, குளியலறையில் முணுமுணுத்தால் படுக்கையறையில் கேட்கும். மாடிப்படியில் நின்று பேசலாம் என்றால் கீழ்வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டுகிறார். நல்ல மனுஷன்தான், ஆனால் எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லவா முடியும். நீ இரண்டு மூன்று முறை கூப்பிட்டபோதும் அம்மா தூங்குகிறாள், அப்புறம் பேசு என்று சொல்லி வைத்துவிட்டேன் அல்லவா, அவள் தூங்கவில்லை பாப்பா. கண்ணைத் திறந்துகொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். போன் அடித்தால் யார் என்றுகூடக் கேட்பதில்லை. உன்னிடம் பேசினால் நான் உளறிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், அப்பாவுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது என்று உனக்குத் தெரியும், பொறுமையாகப் படி.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போன குளிரில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது ஞாபகம் இருக்கும், சளிக் காய்ச்சல்தான், ஒரு வாரத்தில் எழுந்துவிட்டாள் என்று உனக்குச் சொன்னேன். எழுந்துதான் விட்டாள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாள் நான் வெளியே போய்விட்டு வருகிறேன், படி ஏறும்போதே பால் தீய்ந்த நாற்றம் மூக்கைத் துளைக்கிறது, மேல்வீட்டு நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறாள், உள்ளே போனால் அடுப்பில் பாத்திரம் கரியாகிக் கிடக்கிறது, இவள் அதே சமையலறையில், அடுப்புக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து நிதானமாக இலை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். நான் கத்தினேன். உங்கம்மாவைப் பற்றித்தான் தெரியுமே, கத்தினால் திரும்பக் கத்துவாள், அன்றைக்குக் கத்தவில்லை. பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையில் இருந்த புதினாவைக் கசக்கி மூக்கில் வைத்து இழுத்தாள், எனக்கு எதுவுமே தெரியலைங்க, காய்ச்சல்ல இருந்தே தெரியல, வந்துரும் வந்துரும்னு இருந்தேன் என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை, உன்னை ரயில் ஏற்றிவிட்ட அன்றுகூடக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாளே தவிர இப்படி அழவில்லை.

மற்றவர்களுக்கு மூக்கு போனால் சாப்பாட்டில் ருசி போகும், அவ்வளவுதான். இவளுக்கு அப்படியா. பைண்டிங் கடையில் தாள் மடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, மதியம் எல்லோரும் தூங்கி வழியும்போது இவள் மட்டும் கால்வாய்க் கரைக்கும் ரயில் மேட்டுக்கும் போய் எதையாவது பறித்துப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். யார் கேட்டாலும் இது என்ன செடி, என்ன குடும்பம் என்றெல்லாம் சொல்லத் தெரியாது, அவளாக வைத்த பெயர்தான், முயல்காது, எலுமிச்சைப் புல், கிழவன் தாடி, கசப்பி. பார்ப்பாள், கிள்ளுவாள், கசக்கி மோப்பாள், சரி என்றால் பையில், இல்லை என்றால் தூரப் போட்டுவிட்டு அடுத்தது. இலை ஒன்றுபோல ஆயிரம் இருக்கும், வாசம் ஏமாத்தாது என்பாள். நான் கிண்டல் செய்வேன், போலீஸ் நாய் வேலைக்குப் போயிருந்தால் இந்நேரம் பென்ஷன் வந்திருக்கும் என்று. தையல்காரர் அவளை மருந்துக்காரம்மா என்றே கூப்பிட ஆரம்பித்து, தெருவில் பாதிப் பேர் அப்படியே கூப்பிடுகிறார்கள். யாருக்காவது இருமல் என்றால் ஒரு பிடி, தூக்கம் வரவில்லை என்றால் ஒரு பிடி. உனக்குத் தொண்டைக்கு. நாள் முழுக்க வகுப்பில் பிள்ளைகளிடம் கத்துகிறாய், தொண்டை கட்டிக்கொள்கிறது என்று நீ அங்கே போன புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னாய், அன்றிலிருந்து முயல்காது இலை என்றால் அது உனக்கு, வேறு யாருக்கும் அதைத் தொட உரிமை கிடையாது. நான் கேட்டாலே, உங்களுக்கென்ன, நல்லாத்தானே கத்துறீங்க என்பாள்.

மூக்கு போனதும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சில பேருக்குத் திரும்ப வரும், சில பேருக்கு வராது, பொறுத்துப் பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வந்தவள் பையைக் கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, அதோடு சரி, வெளியே காலெடுத்து வைக்கவில்லை. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. நான்தான் சொன்னேன் பாப்பா, இந்த யோசனை என்னுடையது, அவள் மேல் பழி வராமல் இருக்க இதை எழுதிவிடுகிறேன். என் மூக்கு வேலை செய்கிறது, உன் மூளை வேலை செய்கிறது, இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் ஆச்சே என்றேன். அவள் சிரித்தாள். கிரீஸ் மோந்த மூக்கு, அதை நம்பி நான் இலை பறிக்கணுமா என்றாள். உண்மைதான், லிஃப்ட் மெக்கானிக்குக் காதுதான் வேலை, மோட்டார் அறை வாசலில் நின்றாலே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன், மூக்கைப் பற்றி நான் என்றைக்கும் நினைத்ததே இல்லை. அதனால் எனக்குப் பாடம் நடந்தது. அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து என் மூக்குக்குக் கீழே நீட்டுவாள், என்ன மாதிரி இருக்கு சொல்லுங்க என்பாள். எனக்கு என்ன சொல்லத் தெரியும், புதுச் செருப்பு டப்பா என்பேன், பஸ் சீட் என்பேன், மழையில் நனைந்த சாக்கு என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு, சரி, கசப்பின்னா உங்களுக்கு பஸ் சீட், மறக்காதீங்க என்பாள். முயல்காதுக்கு நான் சொன்னது பழைய புத்தகம். பைண்டிங் கடைக்காரி ஆச்சே, ஆமாம் ஆமாம், ரிப்பேருக்கு வர்ற பழைய புத்தகம், அதேதான் என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் இரண்டு பேருமாகப் போக ஆரம்பித்தோம். உனக்கு எழுதவில்லை, என்னவோ கூச்சமாக இருந்தது. வயதான காலத்தில் ரயில் மேட்டில் நான் குனிந்து ஒரு இலையைக் கசக்கி மோந்து, பஸ் சீட் என்று கத்துவேன், அவள் கண்ணைச் சுருக்கி இலையைத் திருப்பிப் பார்த்து, பறிங்க என்பாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். எலுமிச்சைப் புல், புதினா, கசப்பி, எல்லாம் சரியாகத்தான் வந்தது, ஒன்றுகூடத் தப்பவில்லை. அவள் பழையபடி நடக்க ஆரம்பித்தாள், சாப்பிட ஆரம்பித்தாள், என்னோடு சண்டை போட ஆரம்பித்தாள். நான் வேலைக்குப் போன காலத்தில் எங்களுக்கு இவ்வளவு பேச்சு இருந்ததே இல்லை. அந்தச் சில மாதங்கள் நான் சந்தோஷமாக இருந்தேன் பாப்பா, அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

கால்வாய்க் கரையில் முயல்காது வழக்கமாக வரும் இடம் உனக்குத் தெரியும், சின்ன வயதில் நீ வழுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாயே அந்தச் சரிவு. அதை முழுக்கச் சிமெண்ட் போட்டு நடைபாதை ஆக்கிவிட்டார்கள். போய்ப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. பாப்பாவுக்கு இந்த வருஷம் என்ன அனுப்புறது என்று அதே புலம்பல். ஒரு வருஷம் அனுப்பாவிட்டால் என்ன குடி முழுகிப்போச்சு என்று நான் சொன்னதற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் எங்கெங்கோ தேடி, பூட்டிக் கிடக்கிற குடோனுக்குப் பின்னால், உடைந்த மதிலோரம், நிழலில் கொத்துக் கொத்தாக நிற்பதைப் பார்த்தோம். அதே மெத்தென்ற ரோமம், அதே நீள இலை, அதே நரம்பு. பூ வருகிற காலம் இல்லை, வெறும் இலைதான். நான் குனிந்து கசக்கி மோந்தேன். பழைய புத்தகம். லேசாகத்தான், ஆனால் சந்தேகமே இல்லை, பழைய புத்தகம்தான், அப்படியே சொன்னேன். அவள் சின்னப் பிள்ளை மாதிரி, பறிங்க, பறிங்க, வேர் அறுந்துராம பறிங்க என்று குதித்தாள்.

நான் பொய் சொல்லவில்லை பாப்பா. எனக்குச் சளி இல்லை, அவசரம் இல்லை, என் மூக்கில் வந்ததைத்தான் சொன்னேன். அவளும் கேட்டதைத்தான் நம்பினாள். எங்கே தப்பு நடந்தது என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டபோதும் எனக்குப் புரியவில்லை, அவளுக்குத்தான் புரிந்தது. எனக்கு அவள் சொல்லிக்கொடுத்தது எல்லாம் டப்பாவில் இருந்த காய்ந்த இலை. புதினா பச்சையாக இருந்தாலும் காய்ந்தாலும் புதினாதான், எலுமிச்சைப் புல்லும் அப்படித்தான், கசப்பியும் அப்படித்தான், அதனால் அதெல்லாம் தப்பவில்லை. முயல்காது மட்டும் அப்படி இல்லையாம். செடியில் பச்சையாக இருக்கும்போது வெள்ளரிக்காய் நறுக்கினது மாதிரி வாசம் வருமாம், காய்ந்த பிறகுதான் பழைய புத்தகமாம். இத்தனை வருஷம் மோந்தவளுக்கு அது மூக்கில் இருந்ததே தவிர நினைப்பில் இல்லை, யாரிடமும் சொல்லவேண்டி வந்ததில்லை, அவளுக்கே தோன்றவில்லை. நான் குடோனுக்குப் பின்னால் பறித்தது பச்சையிலேயே பழைய புத்தகம். அது முயல்காது இல்லை. அதற்கு டாக்டர் ஒரு பெயர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை, நெஞ்சுத் துடிப்பை அடக்குகிற விஷம் என்பது மட்டும் புரிந்தது.

நம் வீட்டில் புது இலை காய்ந்தால் முதல் கப் அம்மாதான் குடிப்பாள், குடித்துவிட்டு மறுநாள் வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டாள், உனக்குத் தெரியும். சின்ன வயதில் எனக்குத்தான் முதல்ல என்று நீ அழுதாலும் கொடுக்க மாட்டாள். இந்தத் தடவை அந்த ஒழுங்கு தப்பியது. இலை காய்ந்த அன்றைக்கே மேல்வீட்டு நர்ஸ் வந்து, எங்க அண்ணன் லீவு முடிஞ்சு நாளைக் காலையில உங்க மகள் ஊருக்குத்தான் போறார், ஏதாவது கொடுக்கணும்னா இப்பவே கொடுங்க ஆன்ட்டி, பெட்டி கட்டுறாங்க என்றாள். தபாலில் அனுப்பினால் பாதி தூளாகத்தான் வருகிறது, இப்படி ஆள் கிடைப்பது அபூர்வம், அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அது போய்ச் சேர்ந்த பிறகுதான், ஆர அமர உட்கார்ந்து, அவள் பங்குக்கு முதல் கப் போட்டுக் குடித்தாள். ரொம்பக் கசக்குது, கொஞ்சம் அதிகமா போட்டுட்டேன் போல என்று சொல்லித் தேனை ஊற்றிக் குடித்தாள். அடுத்த நாள் வாந்தி. பல்பைச் சுற்றி மஞ்சளாக வளையம் தெரிகிறது என்றாள், என் முகமே மஞ்சளாக இருக்கிறது என்றாள், பிறகு எழுந்தவள் அப்படியே சரிந்தாள். நர்ஸ் ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும் என்றாள். தையல்காரர்தான் தூக்கிக்கொண்டு இறங்கினார், உன் அப்பாவால் முடியவில்லை.

உனக்கு அப்போது முழுசாகச் சொல்லவில்லை, லேசான மயக்கம் என்றுதான் சொன்னேன், மன்னித்துக்கொள். மூக்கில் குழாய், கையில் குழாய், பக்கத்தில் அந்தப் பெட்டி டிக் டிக் என்று அடிக்கிறது, வாழ்நாள் முழுக்க மெஷின் சத்தம் கேட்டவன் நான், ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவில் என் உயிர் போய் உயிர் வந்தது. கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் வார்த்தை தண்ணீர் இல்லை, நான் எங்கே இருக்கிறேன் என்பதும் இல்லை. பாப்பாவுக்குப் போன பொட்டலம் என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கே உறைத்தது பார், அதுவரை அவள் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு உன் நினைப்பே வரவில்லை. அந்தப் பதற்றத்தில் போனில் உன் எண்ணைத் தேட முடியவில்லை, மேல்வீட்டு நர்ஸ்தான் போட்டுக் கொடுத்தாள். ஸ்பீக்கர்ல போடுங்க, அவ குரலை நான் கேக்கணும் என்று அம்மா சொன்னாள். போட்டேன், அதை உனக்குச் சொல்லாமலே, இந்தத் தடவை வந்த இலையைக் குடித்தாயா என்று கேட்டேன்.

நீ சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. அப்பா பதறாதீங்க, நான் அதைத் தொடவே இல்லை, எப்பவுமே தொட்டதில்லை, எனக்கு அந்த வாடையே ஆகாது, அம்மா அனுப்பின எல்லாப் பொட்டலமும் பிரிக்காம அலமாரியில அப்படியேதான் இருக்கு, அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க என்றாய். கேட்டதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் மகள் சொன்ன பேச்சைக் கேட்காதவளாக வளர்ந்ததற்காக அன்றைக்குத்தான் முதல் தடவை கடவுளுக்கு நன்றி சொன்னேன், நிஜமாகச் சொல்கிறேன். அழுதுகொண்டே திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவளும் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு தடவையும் போனில் அவள், குடிச்சியா, தொண்டை எப்படி இருக்கு என்று கேட்பாள், நீ, குடிச்சேம்மா, இப்ப பரவாயில்ல என்பாய். போனை வைத்துவிட்டு அன்று முழுக்க ஒரு சுற்று பெருத்த மாதிரி நடமாடுவாள். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், பிடிக்காததைப் பிடிக்காது என்று உங்கம்மாவிடம் சொல்லி ஜெயித்தவர்கள் யார். ஒன்று மட்டும் எனக்குத் தோன்றியது. குடிக்கவும் பிடிக்காமல், தூக்கிப் போடவும் மனசு வராமல், இத்தனை வருஷம் வீடு மாறும்போதெல்லாம் அதையும் கட்டித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாயே, அது சும்மா இல்லை. அதை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், அவ உன்னை எவ்வளவு நெனைச்சிருந்தா அதை வெச்சிருப்பா என்று. காதில் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து நாளாகிறது. நெஞ்சு சரியாகிவிட்டது, டாக்டர் சீட்டு எழுதும்போது சிரித்துக்கொண்டே, இனிமே கடையில வாங்கின டீத்தூள் மட்டும்தாம்மா என்றார். அவள் சிரிக்கவில்லை. வந்த அன்றைக்கே டப்பாக்கள் எல்லாவற்றையும் எடுத்து, மூடியைத் திறந்து, ஒவ்வொன்றாகக் குப்பையில் கொட்டினாள். புதினாவையும் கொட்டினாள். அது நல்லதுதானே என்றேன். எது நல்லதுன்னு யாருக்குத் தெரியும் என்றாள். தையல்காரர் வழக்கம்போல மருந்துக்காரம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருமலோடு படியேறி வந்தார், அப்படிக் கூப்பிடாதீங்க என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். அந்த மனுஷன் முகம் சுண்டிப்போய்க் கீழே இறங்கினார். நான் ரொட்டி சுட்டுக் கொடுக்கிறேன், சூப் வைக்கிறேன், எனக்கு வாய்க்கு விளங்குகிற மாதிரிச் சமைக்க வராதுதான், ஆனால் அவளுக்கு எது கொடுத்தாலும் ஒன்றுதானே. இரண்டு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறாள். ரவிக்கை தோளில் நிற்க மாட்டேன் என்கிறது. தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டேன், அழுதேன், திட்டினேன், நானும் சாப்பிட மாட்டேன் என்று மிரட்டினேன், எதுவும் நடக்கவில்லை. நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆன்ட்டிக்கு உடம்புல ஒண்ணும் இல்ல அங்கிள், ஆனா இப்படியே சாப்பிடாம போனா தாங்காது, மகளை வரச் சொல்லுங்க என்றாள். நீ நினைத்த மாத்திரத்தில் வர முடியாது என்று எனக்குத் தெரியும், உன் வேலையும் அங்கே தங்குவதற்கான பேப்பரும் என்ன நிலைமையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், வா என்று சொல்லி உன்னைத் தவிக்க விட எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அவள் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது பாப்பா. வெளியே சொன்னால் அசடு என்பார்கள், நெஞ்சு நன்றாக அடிக்கிற ஒருத்தி கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறாள், நான் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முந்தாநாள் மதியம் முதுகைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன், அவளாகவே பேசினாள். அவ என்கிட்ட பொய் சொன்னதாலதான் பொழைச்சா என்றாள். நான் உண்மையா, ஆசை ஆசையா செஞ்சு அனுப்பினது அவளைக் கொன்னிருக்கும், பெத்தவ கையால கொடுத்ததைத் தொடாததாலதான் என் பிள்ளை இன்னிக்கு உசிரோட இருக்கா என்றாள். நீ உலகத்திலேயே நல்ல அம்மா என்று சொன்னால் அடிக்க வருவாள். ஈரத் துணியைப் பிழிந்து மறுபடி துடைத்தேன். அப்புறம் இன்னொன்று சொன்னாள், அதைத்தான் நான் இத்தனை பக்கம் சுற்றி வளைத்துக்கொண்டு வந்து இப்போது சொல்கிறேன். காய்ச்சலுக்குப் பிறகுதான் மூக்கு போனது என்று சொன்னேனே, அது அவளுக்கே நிச்சயம் இல்லையாம். அதற்கு முந்தின வருஷமே வாசனை மங்கலாகத்தான் இருந்ததோ, அதற்கும் முந்தியோ, பழக்கத்தில் பறித்தேனா மோந்து பறித்தேனா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை என்கிறாள். எந்தப் பொட்டலம் நல்லது, எந்தப் பொட்டலம் கெட்டது என்று அவளால் சொல்ல முடியவில்லை. அது எல்லாம் உன் அலமாரியில் இருக்கிறது. என்றைக்காவது தொண்டை கட்டிக்கொண்டு, அம்மா ஞாபகம் வந்து, ஒன்றைப் பிரித்துப் போட்டுக் குடித்துவிடுவாயோ என்று அவளுக்குப் பயம். நான் செத்தா கண்டிப்பா குடிப்பா, என் ஞாபகமா குடிப்பா என்று சொல்லி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

அன்றிலிருந்து கேட்கிற ஒரே கேள்வி, தூக்கிப் போட்டுட்டாளா என்பதுதான். போட்டுட்டா, போட்டுட்டா என்று சொன்னேன். நீங்க சொல்லாதீங்க, அவ சொல்லட்டும் என்கிறாள். அதனால்தான் கேட்கிறேன். அந்தப் பொட்டலங்கள் எல்லாவற்றையும், ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் கொட்டிவிடு. எனக்கு இதை எழுதவே கை வரவில்லை. அவள் இடுப்பு ஒடியக் குனிந்து பறித்தது, கொடியில் துணி காய வைக்க இடமில்லாமல் இலையைக் காய வைத்து என்னிடம் திட்டு வாங்கியது, அத்தனை வருஷமும் அதற்குள் இருக்கிறது. நீ அதைக் குடிக்காமல் வைத்திருந்தது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அதைத்தான் கொட்டச் சொல்கிறேன். கொட்டிவிட்டு, இங்கே மதியமாக இருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிடு. ஸ்பீக்கரில் போட மாட்டேன், போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் படியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அம்மா, நீ அனுப்பினது எல்லாத்தையும் கொட்டிட்டேன், அலமாரி காலியா இருக்கு என்று உன் வாயால் அவளுக்குச் சொல். வேறு சமாதானம் எதுவும் சொல்ல வேண்டாம், அவள் கேட்கும் நிலையில் இல்லை.

குப்பையில் போடும்போது கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொள், பையை இறுக்கிக் கட்டு, பக்கத்து வீட்டுப் பூனையோ பிள்ளைகளோ கிளறுகிற இடத்தில் வைக்காதே, பூந்தொட்டியில் உரமாகப் போடலாம் என்று நினைக்காதே. தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி, சரியாகாவிட்டால் டாக்டரிடம் போ, எங்களுக்காக என்று எதையும் குடிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. எங்கள் ஆயுசில் மிச்சம் இருப்பதும் சேர்ந்து உனக்கே வரட்டும், எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, கொட்டிவிட்டேன் என்று சொல்வதற்கு முன்னால் நிஜமாகவே கொட்டிவிடு. இந்தத் தடவை அம்மாவிடம் பொய் வேண்டாம்.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா
(அம்மா கையெழுத்துப் போடவில்லை)